மோட்டார் வைத்த நாற்காலி

எச்சரிக்கை மணி அலறியபோது நாலாவது மாடியில் அவள் ஒருத்திதான் இருந்தாள். மற்றவர்கள் டீ குடிக்கக் கீழே போயிருந்தார்கள். பழுது பார்க்கிறோம் என்று வாரம் முழுக்க அந்த மணியை அலறவிட்டதால், இப்போது யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனால் இன்றைக்குக் கதவிடுக்கு வழியாகப் புகை வந்தது.

லிஃப்ட் நின்றுவிட்டது. அவளுடைய சக்கர நாற்காலி படி இறங்காது. தசை நோயால் விரல்களில் வலுவில்லை. ஒரு வரி அடிப்பதற்குள் விடிந்துவிடும். குரலோ மணிச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. அதற்காகத்தான் ஏற்பாடு: அலுவலக வாட்ஸ்அப் குழுவில் சக்கர நாற்காலி எமோஜியை அவள் போட்டால், ஆளைப் படியில் இறக்கும் மடக்கு நாற்காலியோடு இரண்டு பேர் ஓடி வர வேண்டும்.

போட்டாள்.

"அக்காவும் நம்ம கட்சிக்கு வந்துட்டாங்கடோய்!"

"என்னக்கா, மாடி ஏற முடியலையா? எனக்கும்தான்!"

வரிசையாகச் சிரிப்பு முகங்கள். லீவு வேண்டுமா, கால் வலியா, சோம்பலா, எல்லாவற்றுக்கும் அதே படத்தைப் போட்டுப் போட்டு அதைக் கேலிப்பொருளாக்கி வைத்திருந்தார்கள். ஆரம்பித்து வைத்தவன், எல்லாரும் 'வம்பு' என்று கூப்பிடும் கணக்குப் பிரிவுப் பையன். காலையில்தான் அவனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தாள்.

"கிண்டல் பண்றதையாவது ஒழுங்காப் பண்ணுடா. நீ போடுறது கையால தள்ளுற நாற்காலி. என்னோடது மோட்டார் வச்சது. அதுக்குத் தனிப் படமே இருக்கு, தெரியுமா?"

"தெரியாதுக்கா," என்று தலையைச் சொறிந்தான்.

இப்போது அந்தப் படத்தைத் தேடினாள். கண் எரிந்தது. பூனை, பழம், பந்து என்று படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. கிடைத்தது. தட்டினாள். போன் கைநழுவித் தரையில் குப்புற விழுந்தது.

குனிந்து எடுக்க அவளால் முடியாது.

போன் தரையில் அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது. வருகிறார்களா, சிரிக்கிறார்களா? புகை மேசை உயரத்துக்கு இறங்கியது. இருமல் நெஞ்சைப் பிடுங்கியது.

கதவு படாரென்று திறந்தது. வம்புவும் வாட்ச்மேனும், மடக்கு நாற்காலியோடு.

"அக்கா! மோட்டார் நாற்காலிப் படத்தைப் பாத்ததும் உசுரே போயிடுச்சு. நாங்க கிண்டலுக்குப் போடுறது இல்லையே அது!"

அவளைத் தூக்கி வைத்துப் பட்டையால் கட்டினான். போனை எடுத்து மடியில் போட்டான். படிகளில் தடதடவென்று இறக்கினார்கள். அவளுடைய மோட்டார் நாற்காலி மேலேயே நின்றது.

தெருவுக்கு வந்ததும் குழுவைப் பார்த்தாள். அவள் போட்ட படத்துக்குக் கீழே அதே மோட்டார் நாற்காலியை மூன்று பேர் போட்டிருந்தார்கள்.

"புது மாடல் வந்திருக்கு, எனக்கும் ஒண்ணு!"

வம்பு எட்டிப் பார்த்தான்.

"அடுத்த தடவை," என்றாள் அவள், பல்லைக் கடித்தபடி, "நான் எதைடா போடுறது?"