பொட்டு வைத்த பிரிண்டர்

2007 ஆகஸ்ட் 13, திங்கட்கிழமை முற்பகலில், மலாக்கா காஜா பெராங்கில் இருந்த உமையாள் தட்டச்சு நிலையத்திலிருந்து அமலாக்க அதிகாரிகள் இரண்டு கணினிகளையும் ஒரு பிரிண்டரையும் எடுத்துச் சென்றார்கள்.

கணினிகளில் இருந்த விண்டோஸ் திருட்டு நகல். போட்டுக் கொடுத்தவன் ஊரை விட்டுப் போய் வெகு நாளாயிற்று. கடை உமையாளுடையது, ஆகவே வாக்குமூலத்தில் கையெழுத்தும் அவளுடையது. எதிர்வரிசைக் கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகாரிகள் வந்ததைவிட அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்குச் சொந்தம் என்று இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வீட்டு வாடகை ஒப்பந்தம் என்று காஜா பெராங்கின் நல்லது கெட்டது எல்லாம் அங்கேதான் அச்சேறின. அந்த மாதம் பெரிய வேலை ஒன்று கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று ஐம்பது ஆண்டு நிறைவதற்குக் குடியிருப்பாளர்கள் விழா எடுத்தார்கள், அதற்கொரு மலர். மலாயிலும் தமிழிலும் பக்கங்கள். விழாக் குழுவின் செயலாளர் அவளுடைய தம்பி விநாயகம். மாதிரிப் பக்கங்கள் இருபத்திரண்டாம் தேதி புதன்கிழமை மாலைக் கூட்டத்துக்கு வரவேண்டும், இல்லையென்றால் வேலை பண்டார் ஹிலிர் அச்சகத்துக்குப் போகும் என்று குழு முடிவு செய்திருந்தது. இந்த வேலையும் போனால் மற்ற வேலைகளும் அதன் பின்னாலேயே போய்விடும் என்று உமையாளுக்குத் தெரியும். திருட்டுச் சாமான் வைத்திருந்த கடை என்ற பேச்சு ஏற்கெனவே பசார் வரை போயிருந்தது.

இனி அதிகாரிகள் எந்த நாளில் வந்தாலும் எழுந்து நின்று நாற்காலி போட வேண்டும், பதறக் கூடாது என்று அவள் நினைத்தாள். வீட்டில் அவளிடம் ஒரு வட்டு இருந்தது. உபுண்டு என்று பெயர். கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள், அவளும் கேட்டு வாங்கியிருந்தாள். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்குவது, லினக்ஸ் வகையைச் சேர்ந்தது. நகல் எடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், குற்றமில்லை. வீட்டுக் கணினியில் பல மாதமாக அதில்தான் கடிதம் எழுதினாள், கணக்குப் போட்டாள். கடையில் வைக்கத்தான் துணிவு வரவில்லை. இப்போது துணிவதற்கு எதுவும் மிச்சமில்லை, செய்யவேண்டியதுதான்.

விநாயகத்துக்கு இது பிடிக்கவில்லை. அக்காளை அவன் ஆச்சி என்றுதான் கூப்பிடுவான்.

“ஓசில வந்த தட்ட நம்பிக் கடை நடத்தப் போறீங்களா ஆச்சி? கமிட்டில கேட்டா நான் என்னான்னு சொல்றது?”

“கமிட்டிக்குத் தாள் வந்தாப் போதும்லா. தட்டு எங்கருந்து வந்துச்சுன்னு யாரு கேப்பா?”

ஆனாலும் அக்காள்மேல் அவனுக்குப் பாசம் இல்லாமலில்லை. ஆடி முடியட்டும் என்று காத்திருந்து, ஆவணி பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமை நல்ல நேரம் பார்த்து, பண்டார் ஹிலிரில் தேவதாஸ் கடையில் ஒரு கணினியும் பளபளவென்று ஒரு புதுப் பிரிண்டரும் வாங்கித் தன் காடியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவளைக் கேட்கவில்லை. இரும்புச் சாமான் வாங்குவது ஆண்பிள்ளை வேலை என்பது அவர்கள் வீட்டு வழக்கம். வந்த வேகத்தில் பெட்டியைப் பிரித்து, இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, சூடம் காட்டினான். சூடத்தின் கரி பிரிண்டரின் வெள்ளை மூடியில் லேசாகப் படிந்தது.

திங்கட்கிழமை உமையாள் தன் வட்டைப் போட்டாள். கணினி எழுந்தது, தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது. பிரிண்டர் மட்டும் விளக்கைச் சிமிட்டிவிட்டு வெறும் தாளைத் துப்பியது. நாள் முழுதும் முயன்ற பிறகு விஷயம் விளங்கியது. அந்த மலிவுப் பிரிண்டருக்குச் சொந்தமாக மூளை கிடையாது. அதன் மூளை விண்டோஸுக்குள் இருந்தது. விண்டோஸ் இல்லாத இடத்தில் அது வெறும் பெட்டி.

செவ்வாய்க்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் தேவதாஸ் கடைக்குப் போனார்கள். தேவதாஸ் மூடியைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“சூடம் காட்டின சாமான நான் யாருக்கு விக்கிறது ஆச்சி? துடைச்சு வித்தா சாமி குத்தம். துடைக்காம வித்தா எவனும் வாங்க மாட்டான்.”

விநாயகம் தரையைப் பார்த்தான். உமையாள் பையிலிருந்து வட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். கடையில் இருக்கும் பிரிண்டர்களை ஒவ்வொன்றாக இதை வைத்துச் சோதிக்க விடுங்கள் என்றாள். எது வேலை செய்கிறதோ அதை எடுத்துக்கொள்வதாகவும், இதற்கு அது மாற்று என்றும் சொன்னாள். தேவதாஸ் வைரஸ் வந்துவிடும் என்று பயந்தார். வட்டு கணினிக்குள் எதையும் எழுதாது, வட்டை எடுத்துவிட்டால் கணினி பழையபடி இருக்கும் என்று அவள் விளக்கினாள். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள், திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

“இது என்னா பழக்கம் ஆச்சி, வாங்குறதுக்கு முன்னாடியே பிரிச்சு மேயறது?”

“காடி வாங்குறவன் ஓட்டிப் பாக்காமலா வாங்குறான்? நான் ஓட்டிப் பாக்குறேன். முந்தாநேத்து ஓட்டாம வாங்கினதோட லெச்சணம் உங்க மேச மேலயே இருக்கு.”

யாரோ சிரித்தார்கள். தேவதாஸும் சிரித்துவிட்டு, சரி மாற்றிக்கொள்ளுங்கள் என்று கடைக் கணினி ஒன்றைக் காட்டினார். வட்டு சுழன்றது, பழுப்பு நிறத் திரை வந்தது. உமையாள் பாட்டுக் கேட்டுப் பார்க்கவில்லை, படம் ஓட்டிப் பார்க்கவில்லை. தன் கடைக்கு வேண்டியதை மட்டும் பார்த்தாள். ஒரே பக்கத்தில் மலாயில் ஒரு வரியும் தமிழில் ஒரு வரியும் தட்டினாள். எழுத்து உடையவில்லை. பிறகு அலமாரியில் இருந்த புதுப் பிரிண்டர்களை ஒவ்வொன்றாக இணைத்தாள். முதலாவது கோடு கோடாக அடித்தது. இரண்டாவதைக் கணினி கண்டுகொள்ளவே இல்லை. அடுத்ததும் அப்படித்தான். வாங்க வந்த ஒருவர், இதற்குப் பேசாமல் விண்டோஸை விலை கொடுத்து வாங்கிவிடலாமே என்று யோசனை சொன்னார். விண்டோஸுக்கும், பக்கம் அமைக்கும் மென்பொருளுக்கும் சேர்த்து விலையை உமையாள் அவரிடம் சொன்னாள். அதற்கு இன்னொரு கணினியே வாங்கிவிடலாம்.

மூலையில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் மஞ்சள் பாய்ந்த பெரிய லேசர் பிரிண்டர் ஒன்று கிடந்தது. ஏதோ வக்கீல் ஆபீஸில் உழைத்துவிட்டு வந்தது. அதன் முகப்பில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்று எழுதியிருந்ததை உமையாள் குனிந்து படித்தாள். அது பக்கத்தை வரையச் சொல்லும் ஒரு மொழி; அது தெரிந்த பிரிண்டருக்கு மூளை தனக்குள்ளேயே இருக்கும்.

“அது வேணாம் ஆச்சி,” என்றார் தேவதாஸ். “ஐஸ் பெட்டி மாதிரி கனம். யாரும் தொடறதில்ல.”

“நான் தொடறேன். விநாயகம், அந்தப் பக்கம் புடி.”

இருவரும் தூக்கி மேசைமேல் வைத்தார்கள். கேபிளைச் செருகியதும், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே பிரிண்டரின் பெயர் திரையில் வந்து நின்றது. அச்சிடச் சொன்னாள். பிரிண்டர் உள்ளுக்குள் கனைத்து, சூடேறி, தாளை இழுத்தது. வெளியே வந்த பக்கத்தில் மலாய் இருந்தது, தமிழ் இருந்தது, ஓரத்தில் அவள் போட்ட கொடிப்படமும் கருப்பு வெள்ளையில் தெளிவாக இருந்தது.

விநாயகம் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். எழுத்து எழுத்தாகப் பார்த்தான். குறை தேடுகிறான் என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கடைசியில் தாளை மடிக்காமல் அக்காளிடம் திருப்பிக் கொடுத்தான்.

“பழைய பிரிண்டர்ல வந்தத விட நல்லா இருக்கு ஆச்சி.”

“இன்னொரு தாள் அடிச்சுக் காட்டுங்க,” என்றார் யோசனை சொன்னவர். அவள் அடித்துக் காட்டினாள். அவர் வட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, இதை எனக்கும் ஒன்று நகல் எடுத்துத் தர முடியுமா, அதற்கும் பிடித்துக்கொண்டு போவார்களா என்று கேட்டார். பிடிக்க மாட்டார்கள் என்று உமையாள் சொன்னாள். கடை முழுதும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

தேவதாஸ் பேச்சைக் காப்பாற்றினார். பொட்டு வைத்த பிரிண்டரைத் தன் கடை பில் அடிக்க வைத்துக்கொண்டார். அவரிடம் விண்டோஸ் காசு கொடுத்து வாங்கியதுதான். பெரிய பிரிண்டரை விநாயகமே மூச்சு வாங்கச் சுமந்து காடியில் ஏற்றினான். வழியெல்லாம் அது எவ்வளவு கனம் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

கடையில் மலாய்ப் பக்கங்களைத் தட்டுபவள் பூங்காவனம், மலாக்கா செட்டிப் பெண். பெயர்தான் தமிழ், பேச்சு அவர்களுடைய மலாய். உமையாளும் அவளும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள். அன்று பிற்பகல் அவள் புதுத் திரையை இங்கும் அங்கும் தட்டிப் பார்த்தாள். விண்டோஸில் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று சற்று முணுமுணுத்தாள். பிறகு வேகம் பிடித்துக்கொண்டது. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் எல்லா மாதிரிப் பக்கங்களும் பிரிண்டரிலிருந்து வெளிவந்து சூடாக அடுக்கில் கிடந்தன.

“சூடா கெலுவார், காக்,” என்றாள் பூங்காவனம். வந்துவிட்டது அக்கா என்று அர்த்தம்.

புதன்கிழமை மாலைக் கூட்டத்தில் விநாயகம் பக்கங்களை மேசைமேல் வைத்தான். எந்தக் கணினி, எந்த மென்பொருள் என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஆச்சி கடையில் உள்ளது என்று விநாயகம் பதில் சொன்னான். பண்டார் ஹிலிர் அச்சகத்தின் பேச்சு எழவில்லை. ஒரு மலாய்ப் பெயரில் இருந்த பிழையைத் திருத்தச் சொல்லிக் குழு ஒப்புதல் கொடுத்தது.

ஆகஸ்ட் 31, வெள்ளிக்கிழமை காலை, கொடியேற்றத்துக்குப் பிறகு மலர் விநியோகிக்கப்பட்டது. பின்னட்டையில் உமையாள் தட்டச்சு நிலையம், காஜா பெராங் என்று அச்சாகியிருந்தது.