பிராகுக்கு மூன்று பேர்

விடுதியிலிருந்து வந்திருந்த மின்னஞ்சலை கிளெனிஸ் முதலில் நல்ல செய்தி என்றுதான் நினைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை, ரொட்டியில் வெண்ணெய் தடவிய கையைத் துடைத்துக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தாள். பிராகில் அந்த விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கும் லுட்மிலா என்ற பெண்ணோடு இரண்டு மாதமாக அவளுக்குக் கடிதப் போக்குவரத்து. லிஃப்ட் கதவின் அகலத்தை அந்தப் பெண் நாடா வைத்து அளந்து, எண் தெரிகிற மாதிரி படமே எடுத்து அனுப்பியிருந்தாள். இன்றைக்கு எழுதியிருந்தது இது: 'அன்புள்ள திருமதி ஹெப்வொர்த், உடல்நலம் காரணமாக உங்களால் வர இயலவில்லை என்று உங்கள் தோழி தெரிவித்தார். வருந்துகிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி, கைப்பிடிகள் வைத்த குளியலறை உள்ள அறையை ரத்து செய்து, அவர்கள் மூவருக்கும் மேல்தளத்தில் அறை ஒதுக்கியிருக்கிறோம். விரைவில் நலம் பெறுங்கள்.'

மூன்று முறை படித்தாள். நலம் பெறுவதற்கு அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை. சர்க்கரையால் வலது கால் முழங்காலுக்குக் கீழே போய் இரண்டு வருடமாகிறது. அது இனி வளரப்போவதில்லை. அதை விட்டால் தெருவில் இருக்கிற எல்லாரையும்போல அவளும் நன்றாகத்தான் இருந்தாள். அது சரி, மூவர் யார்? பெவர்லி, நோரீன். மூன்றாவது?

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் கிளெனிஸ், பெவர்லி, நோரீன் மூன்று பேரும் முப்பது வருடம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மே மாதம் வந்தால் புருஷன்மார்களை அவரவர் பாட்டுக்கு விட்டுவிட்டு நான்கு நாள் கிளம்பிவிடுவார்கள். டப்ளின், லிஸ்பன், புடாபெஸ்ட். எந்த விமானம், எந்த பஸ், எந்த அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று பார்த்து வைப்பதெல்லாம் கிளெனிஸ். விமானத்தை விட்டு இறங்கியதும் "அடுத்து எங்கடி?" என்று கேட்பது பெவர்லியின் வேலை. கால் போன பிறகு வெளிநாட்டுப் பயணம் நின்றுபோயிருந்தது. இந்தப் புத்தாண்டு அன்று கோப்பையை உயர்த்தி "மே மாசம் பிராக்!" என்று சொன்னதே பெவர்லிதான். கிளெனிஸ் பதினான்கு பக்கத்துக்குத் திட்டம் எழுதினாள். எந்த டிராமில் தளம் தாழ்வாக இருக்கும், கோட்டைக்குள் எந்தப் பக்கம் படிகள் குறைவு, எங்கே உட்காரலாம், அகலமான கழிப்பறை எங்கே. பிப்ரவரியில் இருவருக்கும் அனுப்பினாள். இருவரும் பதிலுக்கு ஆளுக்கொரு இதயப் படம் அனுப்பினார்கள்.

பெவர்லி வீட்டு வாசலில், இடது காலால் ஓட்டும்படி மாற்றிய தன் காரை அவள் நிறுத்தியபோது நோரீனின் சைக்கிளும் அங்கே இருந்தது.

"அட, கிளென்! உள்ள வா கண்ணு, டீ போடறேன்."

"டீ வேண்டாம். எனக்கு என்னடி நோய்?"

பெவர்லி நகர்ந்து வழிவிட்டாள். சமையலறை மேசையில் அந்தப் பதினான்கு பக்கமும் அச்செடுத்து விரித்துக் கிடந்தது. சில வரிகளைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். கிளெனிஸ் குனிந்து பார்த்தாள். டிராம் வரி, கழிப்பறை வரி, உட்காருகிற இடங்கள். தனக்கென்று அவள் எழுதிய வரிகளாகப் பார்த்து அடித்திருந்தார்கள். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஓரத்தில் 'ஷீனாவுக்கு மீன் ஆகாது' என்று ஒரு குறிப்பு. ஷீனா பெவர்லியின் நாத்தனார்.

"உனக்காகத்தான் யோசிச்சோம்," என்றாள் பெவர்லி. "அந்த ஊர் தெருவெல்லாம் வெறும் கல்லு. நீ விழுந்து வெச்சேன்னா நாங்க யார்கிட்ட போய் நிக்கறது? ஜூன்ல ஸ்கார்பரோ போலாம்னு இருக்கோம், நாம மூணு பேரும். கடலோரமா, சமதளமா..."

"ஸ்கார்பரோ! முட்டி மேல போர்வை போத்தி, கையில ஐஸ்கிரீமக் குடுத்து உக்கார வெப்பீங்களா?"

"நான் வேணாம்னுதான் சொன்னேன், கிளென்," என்றாள் நோரீன். கண் கலங்கியிருந்தது.

"யார்கிட்ட சொன்ன? என்கிட்ட சொன்னியா?"

நோரீன் மேசை விரிப்பைப் பார்த்தாள். பெவர்லிக்கு முகம் சிவந்துவிட்டது. கெட்டிலைப் படாரென்று வைத்தாள்.

"சரி, உள்ளதச் சொல்றேன், கேட்டுக்க. போன வருஷம் யார்க் ஊர்ல ஒரு நாள் பூரா உன் சக்கர நாற்காலிய நான்தான் தள்ளினேன். மறுநாள் கட்டில விட்டு எந்திரிக்க முடியல. ஈரத்துணி வண்டி தள்ளித் தள்ளியே போன முதுகு இது. எனக்கு லீவு வேணும், கிளென். இன்னொரு ஷிப்ட் வேணாம்."

அந்த வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து கேட்டதில் இது ஒன்றுதான் உண்மை என்று கிளெனிஸுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"இத ஜனவரியிலயே சொல்லியிருக்கலாமே. ஒரு நாள் அழுதிருப்பேன், மறுநாள் மோட்டார் நாற்காலி வாடகைக்குத் தேடியிருப்பேன். முன்னப் பின்ன தெரியாத ஒரு பொண்ணு எனக்காக லிஃப்ட் கதவ அளந்து அனுப்பறா. முப்பது வருஷம் கூடவே இருந்த உனக்கு வாயத் திறந்து கேக்க முடியல. அவகிட்ட போய் நான் சீக்காளின்னு சொல்லியிருக்க."

தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அது இல்லாம நாங்க எப்படி..." என்று ஆரம்பித்த பெவர்லி பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் கணவன் கிளைவ் தக்காளி நாற்றுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே முழுக்கதையையும் கேட்டான். "அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கில்ல?" என்றான். ராத்திரிச் சாப்பாட்டை அவனே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு கிளெனிஸ் லுட்மிலாவுக்கு எழுத உட்கார்ந்தாள். தேதியை மாற்றலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். நான் ஏன் மாற்ற வேண்டும்? அந்த வியாழக்கிழமை விமானத்தைத் தேடிப் பிடித்தது யார்? 'எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே நாட்கள், அதே அறை, ஒருவருக்கு மட்டும்.' மாலையே பதில் வந்தது: 'அறை உங்களுடையது. வாருங்கள்.'

அன்றிலிருந்து ஆறு வாரம், மழையோ வெயிலோ, பிராகுக்குப் பழகிக்கொள்ள, பக்கத்து ஹெப்டன்ஸ்டால் கிராமத்து மேட்டில் கல் பாவிய தெருவுக்குக் காரை ஓட்டிப் போனாள். கைத்தடியை ஊன்றி, செயற்கைக் காலைத் திருப்பி வைத்து, கல் கல்லாக ஏறினாள். ஏறும்போது வாய்விட்டுப் பெவர்லியோடு சண்டை போட்டாள். மேட்டு உச்சிக்குப் போவதற்குள் எப்போதும் அவள்தான் ஜெயிப்பாள். இறங்கும்போது மட்டும் பெவர்லியின் முதுகு நினைவுக்கு வரும். அந்த முதுகு வலித்தது நிஜம். வேலை பார்த்த காலத்தில் தினமும் மாலையில் சலவைக்கூடத்து நாற்காலியில் குப்புறச் சாய்ந்து "கொஞ்சம் தேச்சு விடேன்" என்பாள். தேய்த்துவிட்டது கிளெனிஸ்தான். அதை நினைத்ததும் தன் மேலேயே கோபம் வரும். நான் எதற்கு அவள் பக்கம் பேச வேண்டும்?

ஒரு நாள் விழுந்தாள். ஓடிவந்த தபால்காரர் அக்குளில் கை கொடுக்கப் போனார்.

"தொடாதீங்க!" என்று கத்தினாள். அந்த மனிதர் திகைத்து நின்றுவிட்டார். "மன்னிச்சுக்கங்க. அந்தத் தடிய மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்."

அவர் எடுத்துக் கொடுத்தார். அவளாக எழுந்து நிற்கும்வரை பேசாமல் பக்கத்திலேயே நின்றார்.

வியாழக்கிழமை காலை மான்செஸ்டர் விமான நிலையத்தில் சோதனைக்கான வரிசை ஐந்தாறு மடிப்பாக நெளிந்து கிடந்தது. நடக்க முடியாதவர்களை ஏற்றிப்போகும் சின்ன மின்வண்டியில் கிளெனிஸுக்குப் பின்பக்க இருக்கை கிடைத்தது, பின்னோக்கி உட்காருகிற இருக்கை. வண்டி வரிசையைக் கடந்துபோனது. மூன்றாவது மடிப்பில் பெவர்லி நின்றாள், ஒரு கையை இடுப்பில் ஊன்றி. பக்கத்தில் ஷீனா கைப்பேசியில் எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பின்னால் நோரீன்.

முதலில் பார்த்தது நோரீன்தான். பெவர்லியின் தோளைத் தொட்டாள். பெவர்லி திரும்பினாள். யாரும் கூப்பிடவில்லை. கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்ள நினைத்தாள், ஆனால் அந்த இருக்கையிலிருந்து பார்க்க வேறு எதுவும் இல்லை. வரிசை நகர்ந்தது. அந்த இருவரும் நகரவில்லை. பின்னாலிருந்தவர் ஏதோ சொன்னார். நோரீன் வரிசையைப் பிரிக்கும் நாடாவை ஒரு கையால் தூக்கி, குனிந்து வெளியே வருவதா வேண்டாமா என்று தெரியாதவள்போல அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி வளைவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் சிறியவர்களாகிக்கொண்டே போனார்கள்.