அத்தை அசையவே இல்லை

அந்த நீர்விளையாட்டுப் பூங்காவின் அலைக்குளத்துக்கு இரண்டு இயந்திரங்கள். இடது அறையில் இருப்பது தண்ணீரைச் சமமட்டத்திலிருந்து மெல்லத் தூக்கத் தொடங்கும். வலது அறையில் இருப்பதோ எடுத்த எடுப்பிலேயே உச்சியில் நிற்கும். பொருத்திய பொறியாளர் முதலாவதன் மேல் ‘சைன்’ என்றும் மற்றதன் மேல் ‘கோசைன்’ என்றும் எழுதிவிட்டுப் போனார். அவற்றை ஓட்டிய இருவருக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. கோசைன்காரர் அக்காவைக் கட்டியவர், சைன்காரர் தங்கையைக் கட்டியவர். ஆக, சகலைகள்.

இரண்டு மாதமாக இருவருக்கும் பேச்சு கிடையாது. ஒருநாள் சாப்பிடும்போது கோசைன்காரர், “என் அலை உச்சியிலேயே பொறந்தது சகலை. உங்களுது பாவம், நடுவுலேர்ந்து ஏறி வரணும்” என்று சொல்லிவிட்டார்.

சைன்காரருக்குச் சுருக்கென்றது. “ரெண்டும் ஒரே அலைதான். அதே உயரம், அதே நீளம். உங்களுது கால் அலை முன்னாடி கிளம்புது. அதுக்கா இவ்வளவு பவுசு?”

கோசைன்காரர் பாதிச் சாப்பாட்டில் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனவர்தான். இரண்டு அறைகளையும் இணைத்த தொலைபேசியில் தூசி படிந்தது.

இந்த லட்சணத்தில் ஒரு காலை மாமியார் வந்து இறங்கினார். மாப்பிள்ளைகள் இருவரும் அலை போடுகிறார்களாமே, பார்த்துவிட வேண்டும் என்று. ஆரஞ்சு நிற ரப்பர் வளையத்துக்குள் அவரை உட்கார வைத்துக் குளத்தின் நட்டநடுவில் மிதக்கவிட்டார்கள். கால் மேல் கால் போட்டுக்கொண்டு, “ம், ஆரம்பிங்க மாப்பிள்ளை!” என்று இரண்டு பக்கமும் பொதுவாகக் கத்தினார்.

சைன்காரர் விசையை அழுத்தினார். இடது சுவரோரம் தண்ணீர் எழும்பியது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். வலது சுவரோரமும் அப்படியே. நடுவில் மட்டும் தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது. அதில் மாமியார், கடிதத்தில் ஒட்டிய தபால்தலையாக.

“எங்க மாப்பிள்ளை அலை?”

சைன்காரர் பதறிப்போய் உயரக் குமிழைக் கூட்டினார். கண்ணாடி வழியே பார்த்தால் எதிர் அறையில் கோசைன்காரரும் அதே அளவு கூட்டிக்கொண்டிருந்தார். சகலைக்குக் குறைந்துவிடலாமா? ஓரத்தில் இருந்தவர்கள் பந்தாகப் பறந்தார்கள். அத்தை அசையவே இல்லை. சைன்காரர் நீர்மட்டக் குமிழைத் திருகினார். குளம் மொத்தமும் அப்படியே ஒரு சாண் உயர்ந்தது. அத்தையும் ஒரு சாண் உயர்ந்து, அங்கேயும் அசையாமல் இருந்தார். உடை மாற்றும் அறைக்குள் தண்ணீர் புகுந்து நாற்பது ஜோடிச் செருப்புகள் ஊர்வலம் கிளம்பின.

“கொட்டாவி வருது மாப்பிள்ளை!”

மானம் போகிறதே என்று சைன்காரர் ஒரு காகிதத்தை இழுத்து இரண்டு அலைகளையும் வரைந்து பார்த்தார். எதிர் இயந்திரத்தை உற்றுக் கவனித்தார். தன்னுடையது மேலே ஏறும் நொடியில் அது கீழே இறங்கியது. இது மேடென்றால் அது பள்ளம். அப்போதுதான் விஷயம் விளங்கியது. கால் அலை முந்தியது போதாதென்று, மாமியார் முன்னால் கெத்துக் காட்ட கோசைன்காரர், அலை எந்த இடத்திலிருந்து கிளம்ப வேண்டும் என்று வைக்கிற தொடக்கக் குமிழை இன்னொரு கால் சுற்றுத் திருப்பியிருக்கிறார். மொத்தம் அரை அலை. மேடும் பள்ளமும் அத்தையின் வளையத்தடியில் சந்தித்துச் சமமாகிவிடுகின்றன.

“அட, அவ்வளவுதானா!” என்று தன் தொடக்கக் குமிழை அரைச் சுற்றுத் திருப்பினார். அலை தலைகீழாயிற்று. வெற்றிச் சிரிப்போடு வெளியே பார்த்தார்.

அத்தை அசையவே இல்லை. எதிர்க் கண்ணாடியில் கோசைன்காரர், கையில் ஒரு காகிதத்தோடு, அதே வெற்றிச் சிரிப்பு உறைந்துபோய் நின்றார். அவரும் அதே நொடியில் அரைச் சுற்றுத் திருப்பியிருந்தார்.

சைன்காரர் மீண்டும் திருப்பினார். அவரும் மீண்டும் திருப்பினார். நாலு தடவை நடந்தது இந்தக் கூத்து. கடைசியில் சைன்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

“சகலை.”

“சொல்லுங்க.”

“ஒருத்தர் திருப்பினா ஒருத்தர் சும்மா இருக்கணும்.”

“அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நீங்க சும்மா இருங்க.”

“நான் எதுக்கு?”

கோசைன்காரர் கண்ணாடி வழியே அத்தையை எட்டிப் பார்த்தார். பிறகு அவர் குரல் இறங்கியது. “சரி, திருப்பித் தொலைங்க. நான் கையைக் கட்டிக்கிறேன்.”

சைன்காரர் திருப்பினார். அடடா, உயரக் குமிழ்கள் இரண்டும் உச்சத்திலேயே இருப்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். மேட்டோடு மேடு சேர்ந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரே அலை எழுந்தது. மாமியார் அதன் உச்சியில் ஏறி, படிக்கட்டைத் தாண்டி, வாசல் கதவைத் தாண்டி, சைன்காரரின் மனைவி உட்கார்ந்திருந்த டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் வளையத்தோடு வந்து நின்றார்.

“அம்மா! என்னம்மா இது!”

மருமகன்கள் இருவரும் தலைதெறிக்க ஓடி வந்தார்கள். மாமியார் கொண்டையைப் பிழிந்துகொண்டே கேட்டார். “இது யாரோட அலை?”

“நான்தான் அத்தை திருப்பினேன்” என்றார் சைன்காரர்.

“நான் திருப்பாம இருந்தேனே அத்தை, அது சாதாரண விஷயமா?” என்றார் கோசைன்காரர்.

மாமியார் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். “இன்னொரு டிக்கெட் குடுடி.”