மார்கழியில் குடிபோன கம்ப்யூட்டர்

எப்சி பள்ளிக்கூடத்தை விட்டதற்குக் கணக்கோ சயின்ஸோ காரணமில்லை. எழுந்து நின்று வாசி என்றார்கள். நிற்க முடிந்தது, வாய்தான் திறக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்கு ராஜபாளையத்தில் சங்கிலிப்பாண்டியின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் கிடைத்த வேலை ஆண்டவரே பார்த்துக் கொடுத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து பில் போட வேண்டும், அவ்வளவுதான். பில் போடும் கம்ப்யூட்டர்கூட பக்கத்தில் இல்லை. மும்பையில் ஏதோ ஒரு கட்டடத்தில் மாத வாடகைக்கு இருந்தது. இன்டர்நெட் வழியாக அதைத் திறந்து வேலை பார்ப்பாள். பேசாத துணை, அதுவும் அவ்வளவு தூரத்தில். இதைவிட என்ன வேண்டும்?

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. அதில் இருந்த பழைய விண்டோஸுக்குப் பொங்கலுக்கு முந்தின செவ்வாய்க்கிழமையோடு சப்போர்ட் முடிகிறது என்று மெயில் வந்தது. அதன்பிறகு பாதுகாப்பில் ஓட்டை விழுந்தாலும் அடைத்துத்தர ஆள் கிடையாது. புது விண்டோஸ் போட்ட வேறு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்ற வேண்டும். பெரிய வாடிக்கையாளரான மதுரை ஆஸ்பத்திரியும் எழுதிவிட்டது: மாற்றிவிட்டதை அந்தச் செவ்வாய்க்குள் போனில் உறுதிசெய்ய வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் இல்லை. ‘போனில்’ என்ற சொல் வந்ததுமே எப்சி படிப்பதை நிறுத்தினாள். இரண்டு மெயிலையும் முதலாளிக்கு வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டாள். இரண்டுக்கும் கட்டைவிரல் வந்தது. சாமி படத்துக்கும் சாவுச் செய்திக்கும் அவர் அதே கட்டைவிரலைத்தான் போடுவார்.

கார்த்திகைக் கடைசியில்தான் அவர் பேச்செடுத்தார்.

“எம்மா எப்சி, கம்ப்யூட்டர் மாத்தணும்னு போட்டிருந்தியே. மார்கழி பொறக்கப்போகுது. மார்கழியில எவனும் வீடு மாத்துவானா? தை பொறக்கட்டும்.”

தை பிறக்கும்போது ஆஸ்பத்திரி கதவைச் சாத்தியிருக்கும். அதைச் சொல்ல வேண்டும். எப்சி, “ம்” என்றாள்.

பேக்கிங்கில் இருக்கும் மாரிச்செல்வி பஸ்ஸில் பிடித்துக்கொண்டாள். “ஏட்டி, அந்த ஆர்டர் போச்சுன்னா எங்களுக்கு ஏது வேலை? நாளைக்குச் சொல்லிரு.”

“சொல்லுதேன்க்கா.”

“எங்க, இப்பச் சொல்லிக் காட்டு.”

எப்சி சன்னலைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கே கேட்கவில்லை.

“இதுக்கு வாட்ஸ்அப்பே தேவல” என்றாள் மாரிச்செல்வி.

மறுநாள் நாலைந்து வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு முதலாளி முன் நின்றாள். வாயில் வந்ததோ மனப்பாடம் செய்யாத ஒன்று.

“பால மட்டும் காய்ச்சிருவோம் அண்ணாச்சி.”

சங்கிலிப்பாண்டி நிமிர்ந்தார். மார்கழி பிறக்குமுன் புது வீட்டில் பால் காய்ச்சிவிட்டால், சாமான்களைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஊரே செய்வதுதானே! “ஏ, இது நல்லாருக்கே!”

கார்த்திகையின் கடைசி முகூர்த்தத்தில் ஆபீஸ் மேசையில் கரண்ட் அடுப்பை வைத்தார்கள். கம்ப்யூட்டர் மும்பையில்; பால் ராஜபாளையத்தில் பொங்கியது. பொங்கின நேரத்துக்கு எப்சி புதியதில் முதல் பில்லை, அதே மதுரை ஆஸ்பத்திரிக்கு, போட்டாள். ஆஸ்பத்திரிப் பிரதி சரக்கோடு போயிற்று. கம்பெனிப் பிரதியை முதலாளி கோயில் உண்டியலில் போட்டுவிட்டார். இந்த யோசனை யாருடையது என்று தன் சர்ச் ஆட்களிடம் சொல்லிவிட வேண்டாம் என மாரிச்செல்வியைக் கேட்டுக்கொண்டாள் எப்சி.

மார்கழி முழுக்கப் புதியதைச் சோதித்துப் பார்த்தார்கள். பில் பழையதிலேயே ஓடியது. கடைசித் திங்கட்கிழமை எப்சி பழைய கணக்கு மொத்தத்தையும் பிரதி எடுத்துப் புதியதில் ஏற்றினாள். ‘இங்கே இருப்பதை அழித்துவிட்டு ஏற்றவா?’ என்று அது கேட்டது. அவளுக்குக் கம்ப்யூட்டரிடம்கூட மறுத்துப் பேசிப் பழக்கமில்லை. ஆமாம் என்று அழுத்தினாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலாளி குளித்துத் திருநீறு பூசி வந்தார். “அந்தப் பால் காய்ச்சின பில்ல எடும்மா. கும்பிட்டுட்டு ஆரம்பிப்போம்.”

எப்சி தேடினாள். எங்கே இருக்கும்? நேற்று ‘ஆமாம்’ என்று அழுத்தியதில் அதுவும் அழிந்திருந்தது. சாமான் இறக்குகிற வேகத்தில் பால் பானையை மிதித்துவிட்டாள்.

“நான் அழிச்சிட்டேன் அண்ணாச்சி.”

ஆபீஸே அவளைப் பார்த்தது. சங்கிலிப்பாண்டி செத்த நேரம் தலையைச் சொறிந்தார். உண்டியலில் போட்டதை யாரிடம் போய்க் கேட்பது? “ஆஸ்பத்திரியில ஒண்ணு இருக்கும்லா. எப்படியும் இன்னைக்கு அவியளுக்குப் போன் போடணும். நீயே கேட்டுரு.” எண்ணை அழுத்திப் போனை அவள் கையில் திணித்தார்.

“ஹலோ” என்றது ஒரு பெண் குரல், ரகசியம் சொல்வதுபோல. எப்சி மூச்சு விட்டாள். அந்தப் பக்கமும் மூச்சு விட்டது.

“பேசுதியா, ஊதுதியா?” என்றாள் மாரிச்செல்வி.

எப்சி கண்ணை மூடிக்கொண்டாள். “கம்ப்யூட்டர் மாத்தியாச்சு. ஆனா பால் காய்ச்சின பில்ல அழிச்சிட்டேன். உங்ககிட்ட இருக்கா?”

“பால் காய்ச்சின பில்லா?”

விளக்க வேண்டியதாயிற்று. மார்கழியில் தொடங்கி உண்டியல் வரை சொல்லி முடித்தாள். பள்ளிக்கூடத்தில் படித்த வருஷமெல்லாம் சேர்த்தும் அவள் அம்புட்டுப் பேசியதில்லை. எதிர்முனை விழுந்து விழுந்து சிரித்தது.

“பில்லு இருக்குங்க, போட்டோ எடுத்து அனுப்புறேன். ஆர்டரும் வரும்.” பிறகு குரல் இன்னும் இறங்கியது. “ஒண்ணு கேக்கவா? உங்கள மாத்தச் சொல்லிட்டு எங்க ஆபீஸ்லயே பழசுதான் ஓடுது. மேனேஜர்ட்ட சொல்ல எனக்கு வாயே வரல. நீங்க எப்படிச் சொன்னீங்க?”

தன்னிடம் போய்ப் பேசக் கற்றுக்கொள்ள வந்த ஒருத்தி! எப்சி சுற்றிலும் பார்த்தாள். சங்கிலிப்பாண்டி எதிரே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

“பால்ல இருந்து ஆரம்பிங்க” என்றாள்.