கோயில் மைக்கில் மட்டும் திக்காதவன்

மலேசியாவின் சிம்பாங் பூலாய் ஊரில் பளிங்குக்கல் ஆலையில் கல் அறுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் தனேஸ்வரன். எட்டு மணி நேரமும் காதைக் கிழிக்கும் சத்தம்; யாரும் யாரோடும் பேச முடியாது. தேடிப் பிடித்த வேலை அது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். திக்குவாய்ப் பிள்ளையும் எங்காவது பிழைத்தாக வேண்டுமே, ஐயா!

ஆனால் வருஷத்தில் மூன்று நாள் அவன் வாய் திறந்துகொள்ளும். பழைய ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பது அவன்தான். வழியை மறித்து நிற்கும் வெள்ளைக் காரை நகர்த்தச் சொல்வான், அன்னதானத்துக்கு வரிசையில் வரச் சொல்வான். ஓர் எழுத்துகூட இடறாது. எல்லாம் அம்மா அருள் என்று மனைவி மங்களம் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். தனேஸ்வரனும் அப்படித்தான் நம்பினான். கூடவே, நல்ல மைக் ஒன்று சொந்தமாகக் கையில் இருந்தால் வாயும் சொந்தமாகிவிடும் என்று மனக்கணக்கு ஒன்றும் போட்டு வைத்திருந்தான். அதை நம்பித்தான் போனஸ் வந்த சனிக்கிழமை, ஆயிரத்தைந்நூறு வெள்ளிப் பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஈப்போ நகரத்துக்கு மோட்டார் சைக்கிளை விட்டான்.

எல்லாம் மகள் தினேஸ்வரிக்காக. பத்து வயது. அப்பனிடமிருந்து மூக்கை வாங்கிக்கொண்ட கையோடு திக்கலையும் வாங்கிக்கொண்டாள். மூன்று மாதத்துக்கு முன் வகுப்பில் எழுந்து பாடம் வாசித்தபோது முதல் வார்த்தையிலேயே மாட்டிக்கொண்டாள், பிள்ளைகள் சிரித்துவிட்டன. அன்றோடு சரி. பள்ளியில் வாயே திறப்பதில்லை. வீட்டிலும் தலையாட்டல்தான், எப்போதாவது ஒரு வார்த்தை.  தனேஸ்வரன் தான் வாழ்ந்த ஊமை வாழ்க்கையை இவளும் வாழ்ந்து தொலைக்க வேண்டுமா? திக்குகிற பிள்ளைகளுக்கென்று தமிழில் ஒரு பாட்காஸ்ட் தொடங்க வேண்டும், அதில் தானே பேச வேண்டும், அதை முதலில் அவள் கேட்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டான்.

கடையில் இருந்தவள் ஷஹீதா. அவள் வாப்பா சாப்பாட்டுக் கடைக்காரர். இவளோ மைக்கும் ஒயரும் விற்க வந்துவிட்டவள். தனேஸ்வரன் தன் தேவையை எழுதி வைத்திருந்த தாளை நீட்டினான். படித்துவிட்டு மேசைமேல் மூன்று விதம் எடுத்து வைத்தாள். நூற்றைம்பது வெள்ளிக்குச் சட்டையில் குத்தும் சின்ன மைக். கைப்பேசியில் செருகினால் போதும், தொடங்கிப் பார்க்கிறவர்களுக்கு அதுவே தாராளம் என்றாள். நானூறு வெள்ளிக்கு வாய்க்குக் கிட்டே வைத்துப் பேசும் மைக்கும் ஹெட்போனும். ஆயிரத்தைந்நூறுக்கு ஸ்டூடியோ மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் பெட்டியும், மைக்கைத் தாங்கி மேசையில் மாட்டும் வளைகையும்.

வீட்டுக் கூரை என்ன என்று கேட்டாள். தகரம் என்று மேலே தட்டுவது போல் காட்டினான். அப்படியானால் விலை கூடியது வேண்டவே வேண்டாம், அது மழையையும் காற்றாடியையும் பக்கத்து வீட்டுச் சேவலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும், நானூறு வெள்ளி மைக்கே உங்களுக்குச் சரி என்றாள். விற்கிறவள் விலை குறைந்ததைக் கை காட்டினால் நம்மவர்களுக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? அதுவும் தனேஸ்வரனுக்கு, விலை கூடக்கூட வாயும் கூடும் என்பது கணக்கு. விரலை நேராக ஸ்டூடியோ மைக்கின் மேல் வைத்தான்.

பேசிப் பார்க்கச் சொன்னாள். குனிந்து வாயைத் திறந்தான். "வ... வ... வ..." கழுத்து நரம்பு புடைத்ததுதான் மிச்சம். நானூறு வெள்ளி மைக்கிலும் அதே கதை. காது மடல் கொதித்தது. மாரியம்மா தோட்டத்து எல்லையோடு கைவிட்டுவிட்டாளா? எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

ஷஹீதா வேறு பக்கம் பார்க்கவும் இல்லை, அவனுக்குப் பதிலாக வார்த்தையை முடிக்கவும் இல்லை. சும்மா காத்திருந்தாள். அந்தப் பொறுமைக்காகவே அவன் துண்டு துண்டாகக் கோயில் மைக் விஷயத்தைச் சொல்லி முடித்தான். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"கோயில் மைக்ல எக்கோ வச்சிருப்பாங்கதானே அண்ணே? பேசுறது திரும்பத் திரும்பக் கேக்குமே?"

எக்கோ இல்லாத மைக்கை எந்தக் கோயில் கமிட்டி மைக் என்று ஒத்துக்கொண்டிருக்கிறது? அவன் தலையாட்டினான். ஷஹீதா அடித்தட்டிலிருந்து தூசி படிந்த கரவோக்கே பெட்டி ஒன்றை இழுத்தாள். எண்பது வெள்ளிச் சாமான். தன் குரலே கொஞ்சம் பிந்திக் காதில் விழுந்தால் சிலருக்குத் திக்கல் விட்டுப்போகும் என்று எங்கோ படித்திருக்கிறாளாம். ஹெட்போனை அவன் தலையில் மாட்டி, எக்கோவைத் திருகினாள்.

"வணக்கம்," என்றான் தனேஸ்வரன். "என் பேரு தனேஸ்வரன். சிம்பாங் பூலாய்லேருந்து பேசுறேன்."

சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவனுக்கே தெரியவில்லை. எக்கோ உங்கள் காதுக்கு மட்டும்தான், பதிவாகும் குரல் சுத்தமாக இருக்கும் என்று ஷஹீதா விளக்கினாள். நானூற்றெண்பது வெள்ளியோடு வேலை முடிந்தது.

மறுநாள் காலை, மழைக்கு முன்னால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிஷம் பேசினான். பள்ளியில் பட்டது, பெண் பார்க்கப் போன இடத்தில் பட்டது, அத்தனையும் தண்ணீர் போல வந்தது. பிறகு தினேஸ்வரியைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக் காட்டினான். அவள் முகம் மலர்வதைப் பார்க்கத்தானே இத்தனை பாடும்!

அவள் கடைசிவரை கேட்டாள். தலை குனிந்துகொண்டே போயிற்று.

"அ... அப்பாவுக்கு நல்லாயிருச்சு," என்றாள். "எ... எனக்கு மட்டுந்தான் இருக்கு."

எழுந்து போய்ச் சன்னல் ஓரம் நின்றுகொண்டாள்.  அடப்பாவி, கூட நடந்து வருகிறேன் என்று கிளம்பிவிட்டு, அவளைத் தனியாக விட்டு மோட்டார் ஏறிவிட்டேனே என்று தனேஸ்வரன் தன்னையே திட்டிக்கொண்டான்.

 அவன் பதிவை அழித்தான். கரவோக்கே பெட்டியின் ஒயரைப் பிடுங்கிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினான். மைக்கை மட்டும் கைப்பேசியில் செருகி நடுவில் வைத்து, மகளை ஜாடையால் எதிரே வந்து உட்காரச் சொன்னான். வேண்டாவெறுப்பாக வந்தாள். பதிவுப் பொத்தானை அமுக்கினான்.

"வ... வ... வ... வணக்கம்." அதற்கே அரை நிமிஷம் போயிற்று. கழுத்து புடைத்தது, கண் செருகியது. பொத்தானை அணைக்கவில்லை. "எ... என் பேரு... த... த... த..."

மகள் பார்க்கட்டும் என்று முகத்தைத் திருப்பாமல் முட்டிக்கொண்டே இருந்தான். வேர்வை மூக்கு நுனியில் வந்து நின்றது. தினேஸ்வரி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, மைக்கைத் தன் பக்கம் சாய்த்தாள்.

"இ... இ... இது எங்க அப்பா," என்றாள். "அவரு சொ... சொல்லி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் இருங்க."