குழந்தைகள் டாக்டரிடம் கிளெமென்ட்

1

இந்தக் கதை கற்பனையில் பிறந்தது என்று சொன்னால் அது பொய். என் கணவர் கிளெமென்டின் தாடைக்குக் கீழே, வலது பக்கம், நெல்லிக்காய் அளவுக்கு இருந்த ஒரு வீக்கத்திலிருந்து பிறந்தது. அவர் ஷேவ் செய்யும்போது கண்ணாடியில் பார்த்தேன். பார்த்த அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். ஈவு இரக்கம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். பயம் வந்தால் ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் பேனா, அதுதான் என் வழக்கம்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஆஸ்டின் டவுனில் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில் கிளெமென்ட் தன் மரணத்தை…"

[நிறுத்திவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை. மரணம் என்ற சொல்லை எழுதிய கையோடு எழுந்துபோய்க் கை கழுவினேன்.]

இரண்டாவது தொடக்கம்: "பெங்களூரில் டாக்டருக்கா பஞ்சம்?" இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

பெங்களூரில் டாக்டருக்கா பஞ்சம்? எங்கள் தெருவிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் ஒரு கிளினிக் போர்டில் போய் முட்டிக்கொள்ளலாம். எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் குழப்பம். கீழ்வீட்டு பிரிஜெட் ஆன்ட்டி பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்றார்.

"எல்லா டெஸ்டும் ஒரே எடத்துல முடிஞ்சிரும் நோரா. என்ன, உள்ள நடந்து நடந்து காலுதான் போயிரும்."

என் அண்ணன் ஃபிராங்க்ளினுக்கு இந்த யோசனையெல்லாம் ஆகாது. "மாப்ள, வேலூருக்குப் போயிருங்க. காலைல ரயில் ஏறினா மத்தியானம் டாக்டர பாக்கலாம்."*

* எங்கள் ஆட்களின் வழக்கம் இது. வீட்டைச் சுற்றி ஆயிரம் டாக்டர் இருந்தாலும், வியாதி பெரிதோ என்று சந்தேகம் வந்துவிட்டால் வேலூர் போனால்தான் மனசு ஆறும். அதனாலேயே அண்ணன் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னதும் கிளெமென்டின் முகம் சுண்டிப்போனது.

இனி கிளெமென்ட். இந்தப் பாத்திரத்தை நீங்கள் நம்புவீர்களா என்று எனக்கே சந்தேகம். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். பதினெட்டாவது மாடியில், கீழே வெறும் இருட்டுக் குழியாக இருக்கிற இடத்தில், சாவகாசமாக நின்று ஸ்க்ரூ முடுக்குவார். டாக்டர் என்றால் நடுங்குவார். பிறந்து வளர்ந்தது இங்கேதான். கன்னடத்தில் சண்டை போடுவார், உருதுவில் பேரம் பேசுவார், இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுவார். அப்பேர்ப்பட்டவர் போட்ட நிபந்தனை:

"கன்னடத்துல வேல வாங்கலாம், இங்கிலீஷ்ல லீவு கேக்கலாம். பயத்த மட்டும் தமிழ்லதான் சொல்ல முடியும் நோரா."

[இதை அவர் சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்தது. அவர் சொன்னது: "தமிழ் டாக்டர்னா வரேன். இல்லன்னா விட்டுரு."]

3

டாக்டர் தேடும் செயலியில் 'காது மூக்கு தொண்டை' என்று சரியாகத்தான் தேர்ந்தெடுத்தேன். யாருக்கும் அந்த வாரம் நேரமில்லை. பிறகு 'மொழி' என்ற இடத்தில் தமிழைத் தொட்டேன். தொட்டதும் முதலில் தேர்ந்தெடுத்தது அழிந்துபோனதை நான் கவனிக்கவில்லை. பட்டியலில் முதலாவதாக வந்து நின்றார் டாக்டர் பாகீரதி. ஜோகுபாளையம். தமிழ் பேசுவார். நாளைக் காலையே நேரம் இருக்கிறது.

போய் வந்தவர்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். "ரொம்பப் பொறுமை." "பயந்துகொண்டே போனோம், சிரித்துக்கொண்டே வந்தோம்." "ஊசி போட்டதே தெரியவில்லை." கிளெமென்டுக்காகவே யாரோ எழுதிவைத்தது போலிருந்தது. உடனே புக் செய்தேன். வயது ஐம்பத்திரண்டு என்று போட்டேன். அந்தச் செயலியாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

4

கிளினிக் சுவர் முழுக்க ஒட்டகச்சிவிங்கிகள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் குதிரை. கிளெமென்ட் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன். வரவேற்பில் இருந்த பெண் எங்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "மகு எல்லி?" என்று கேட்டாள். குழந்தை எங்கே என்கிறாள்.

"நானே மா," என்றார் கிளெமென்ட், கன்னடத்தில்.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம். திரும்பிப் போய்விடலாம் என்று நான் எழுந்தேன். அதற்குள் டாக்டரே வெளியே வந்துவிட்டார். நரைத்த கிராப், பருத்திப் புடவை, ஓசூர்ப் பக்கத்துத் தமிழ்.

"வந்துட்டீங்க, உக்காருங்க சார். நான் புள்ளைங்க டாக்டரு. வைத்தியம் பண்ண மாட்டேன். என்னன்னு கேக்கலாமில்ல?"

அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "எப்போலேந்து இருக்கு?"

"மூணு மாசமா, டாக்டர்."

நான் பார்த்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது.

"சாப்பிட உக்காந்தா வீங்குது. அப்புறம் கொஞ்சம் வத்திடுது. எங்கப்பாவுக்கு இதே எடத்துலதான் வந்துச்சு. கேன்சரு. இவகிட்ட சொன்னா அழுவா. அதான் சொல்லல." சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியா தூங்கி ரொம்ப நாளாச்சு டாக்டர்."

[இந்த இடத்தில் ஒரு நல்ல உவமை வைக்கலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் பாவமாகவும் இருந்தது. அவ்வளவுதான்.]

டாக்டர் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். பிறகு தொண்டை டாக்டர் ஒருவருக்கு போன் போட்டு, கிளெமென்ட் சொன்னதை ஒன்றுவிடாமல் இங்கிலீஷில் சொன்னார். சாப்பிடும்போது வீங்குகிறது என்பதை இரண்டு முறை சொன்னார்.

"ஸ்ரீஹர்ஷான்னு பேரு. இன்னைக்கே பாக்கறேங்கறாரு. அவருக்குத் தமிழ் வராது. அதனால என்ன? சொல்ல வேண்டியத சொல்லியாச்சு. அங்க போயி கழுத்தக் காட்டுனா போதும்."

கிளம்பும்போது வரவேற்புப் பெண் கிளெமென்டின் சட்டையில் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டினாள். அழாமல் காட்டிய குழந்தைகளுக்குக் கொடுப்பதாம். அழுததை நான் காட்டிக்கொடுக்கவில்லை.

5

முடிவுகள்.

(அ) ஸ்கேன் அறையின் கதவு திறந்தது. டாக்டர் ஸ்ரீஹர்ஷாவின் முகத்தில்…

[மாட்டேன். இதை முன்பே எழுதி வைத்திருந்தேன். கதைக்கு இதுதான் கனமான முடிவு என்று எனக்கும் தெரியும். கனம் யாருக்கு வேண்டும்?]

(ஆ) கிளெமென்ட் அன்றிலிருந்து திருந்தி, வருடா வருடம் தானாகவே உடம்பைக் காட்டிக்கொள்கிறார்.

[படித்துவிட்டு அவரே சொன்னார்: "கத எழுதறேன்னு இப்டியா புளுகுவ?"]

(இ) நடந்தது. ஸ்ரீஹர்ஷா ஸ்கேன் படத்தைத் திரையில் காட்டினார். உமிழ்நீர் வரும் குழாயில் அரிசி போல ஒரு வெள்ளைப் புள்ளி. கன்னடத்தில் சொன்னார்: "ஏனூ பய இல்லா. கல்லு, அஷ்டே."

பயம் ஒன்றும் இல்லை, கல்தான். கன்னடத்திலேயே திட்டவும் கொஞ்சவும் தெரிந்த மனுஷனுக்கு அது புரியாமலா இருக்கும்? ஆனால் கிளெமென்ட் டாக்டரைப் பார்க்கவில்லை. சட்டையில் நட்சத்திரத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்றாரு நோரா?"

அவர் ஏன் கேட்டார் என்று எனக்குப் புரிந்தது. மூன்று மாதம் ஒருத்தராகச் சுமந்ததை இறக்கிவைக்க அவருக்கு அந்த வார்த்தை தமிழில் வேண்டியிருந்தது. நானும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அவர் பயந்தது போலவேதான் ஆயிற்று, காரணம்தான் வேறு.

என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. நான் எழுதினால் வசனமாகிவிடும். நீங்கள் எழுதுங்கள். உங்கள் வீட்டில், உங்கள் ஊர்ப் பேச்சில், மூன்று மாதமாகச் சரியாகத் தூங்காத ஒருவர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒன்றுமில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. சொல்லுங்கள்.