நாற்பது நாளைக்கு மட்டும்

...சர்க்கரையை விட்டு மூன்று மாதமாகிறது, சோறு ஒரு வேளைதான், பொரித்ததையெல்லாம் கண்ணால் பார்ப்பதோடு சரி, இதற்கு மேல் தவக்காலத்துக்கென்று எதை விடுவது என்று செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த ஃபிரேமில் லென்ஸை அழுத்தியபடியே அவள் கேட்டாள், அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "டாக்டருக்குப் பயந்து விட்டதெல்லாம் கடவுள் கணக்குல வராதுடி. பிடிச்சதா பார்த்து விடு." பிடித்தது என்ன மிச்சமிருக்கிறது... டீயா? சர்க்கரை போடாத டீயை விடுவது தியாகமா, தப்பித்தலா? "அப்போ உன்னைத்தான் விடணும்" என்றாள், வாய்க்கு வந்தபடி. சொன்ன பிறகுதான் உறைத்தது, அது உண்மை, காலையில் எழுந்ததிலிருந்து அவள் ஆசையாகக் காத்திருப்பது இந்தப் பதினோரு மணிப் பேச்சுக்கு மட்டுந்தான். அக்கா சளைக்கவில்லை, "சரி, விடு பார்ப்போம். ஞாயித்துக்கிழமை நாற்பதுல சேராது, அன்னிக்கு மொத்தமாப் பேசிக்கலாம். ஆனா தினமும் இந்த நேரத்துக்கு ஒரு ரிங் விட்டு வச்சிடுவேன். சோதனை இல்லாம என்னடி தவம்?" வைக்கிறேன் என்றுகூட இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை, வழக்கமே கிடையாது.

புதன்கிழமை ஒரு ரிங், வியாழக்கிழமை ஒரு ரிங். இரண்டு நாளும் தனியாக உட்கார்ந்து சிரித்தாள், ஞாயிற்றுக்கிழமைக்கென்று சேர்த்து வைத்தாள், முதலாளி தன் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டே கடை முழுக்கத் தேடியதை, கீழ்வீட்டுக்காரியின் புது முடிச்சாயத்தை... வெள்ளிக்கிழமை மட்டும் ரிங் நிற்கவில்லை. அடித்து அடித்துத் தானாக ஓய்ந்தது, உடனே மறுபடியும் அடித்தது. இவளுக்குக் கொழுப்பைப் பாரேன் என்றுதான் நினைத்தாள், வேறென்ன நினைப்பாள்? திருகாணி போடும் இழுப்பறையில் போனை வைத்து மூடினாள். இழுப்பறைக்குள் திருகாணிகள் கிணுகிணுத்தன, அதற்கும் சிரித்தாள். சிரித்தாளே... பன்னிரண்டரைக்குக் கடை போனில் அத்தான். "அம்மாடி, அக்கா எழுந்திரிக்க மாட்டேங்கிறா." மாட்டேங்கிறா என்றால்? பிடிவாதமா? எழுப்புங்க அத்தான், என்றாள், பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மாரடைப்பு, ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருக்கும் என்றாராம்.

இன்று சனிக்கிழமை, அடக்கம் முடிந்துவிட்டது, அக்காவின் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் அழவில்லை, அழுகை வர வேண்டிய இடத்தில் ஏதோ மரத்துக் கிடக்கிறது. எல்லோரும் மெலிஞ்சுட்டியே, மெலிஞ்சுட்டியே என்கிறார்கள், துக்கத்தில் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாற்பது நாளைக்குத்தானே விட்டேன், யார் இப்படி மொத்தமாக எடுத்துக்கொள்ளச் சொன்னது? அத்தான் அக்காவின் போனைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "யாருக்காவது சொல்லாம விட்டிருக்கோமா பாரும்மா. எனக்கு இதுல ஒண்ணும் ஓடலை." வெள்ளிக்கிழமையைத் தேடினாள். பதினொன்று நான்கு, அவளுக்கு. பதினொன்று ஐந்து, அவளுக்கே. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. ஐந்து நிமிட நடையில் மளிகைக் கடைக்குப் போயிருந்த அத்தானுக்கு இல்லை, ஆம்புலன்ஸுக்கு இல்லை, எதிர்வீட்டு நர்ஸுக்கு இல்லை. அப்படியென்றால் வலியே வரவில்லை, விளையாட்டுத்தான், வலி வந்திருந்தால் அத்தானைக் கூப்பிட்டிருப்பாளே... கூப்பிட்டிருப்பாளா? வலி வந்தபோதும் இந்த எண்ணைத் தவிர வேறு எண் அக்காவுக்குத் தோன்றவில்லையா?

"யாராவது விட்டுப் போச்சாம்மா?" என்றார் அத்தான்.

இல்லை என்று தலையசைத்தாள். எட்டு கிலோ குறைந்திருக்கிறாள், தொளதொளத்த சுடிதார்களையெல்லாம் அக்காதான் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். ஆனாலும் அந்த இரண்டு அழைப்புக்கும் நேராக, அக்காவின் போனில் அவள் பெயர் இன்னும் 'குண்டு' என்றுதான் இருந்தது.